எம்.இ.என்.-1 குடும்பம்: அண்ணனுக்கும் எனக்கும் ஏன் வெவ்வேறு பரிசோதனைப் பட்டியல்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் எம்.இ.என்.-1 என்னும் பரம்பரை நாளமில்லாச் சுரப்பிக் கட்டி நோய் இருப்பது சென்ற ஆண்டுதான் உறுதியானது. அப்பாவுக்கு நாற்பது வயதிலிருந்தே சிறுநீரகக் கல் தொல்லை இருந்து வந்தது. பிறகு, கழுத்தில் இருந்துகொண்டு இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கும் பிறகு கணையத்தில் கட்டி தென்பட்ட நிலையில்தான் மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். அப்பாவிடம் உள்ள அதே மரபணுப் பிறழ்வு என் அண்ணனிடமும் (வயது 34) என்னிடமும் (வயது 31) இருக்கிறது. அண்ணனுக்கு இரத்தத்தில் கால்சியம் சற்றுக் கூடியிருக்கிறது. எனக்கு இதுவரை எல்லா முடிவுகளும் இயல்பாகவே உள்ளன.

எங்களைக் குழப்புவது மருத்துவர் கொடுத்த கண்காணிப்புப் பட்டியல்தான். பெரும்பகுதி இருவருக்கும் பொதுவாக இருந்தாலும், அண்ணனிடம் பேசும்போது மார்புக்கூட்டு ஸ்கேனையும் புகைப்பழக்கத்தை விடுவதையும் மிகவும் வற்புறுத்தினார். என்னிடம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றி விரிவாகப் பேசியதோடு, நாற்பது வயதிலிருந்து மார்பகப் பரிசோதனையும் தேவைப்படும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன், பிட்யூட்டரி பெண்களுக்கான பிரச்சினை என்றால் மூளைப் பகுதிக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. தனக்கு எதற்கு என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கணக்கின்படி நானும் மார்பு ஸ்கேனைத் தவிர்த்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது.

அத்தையின் கதை வேறு. நோய் ஆண் வழியில்தான் இறங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அவர் தானும் பரிசோதித்துக்கொள்ளவில்லை, தம் இரண்டு மகன்களையும் அனுப்பவில்லை.

ஒரே மரபணு, ஒரே பிறழ்வு என்னும்போது உடன்பிறந்த இருவருக்கும் ஏன் இந்த வேறுபாடு? அதை வைத்து எதையாவது குறைத்துக்கொள்ள முடியுமா? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்)

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலினத்தைக் காரணமாகக் காட்டிப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கலாம், ஆனால் எதையும் எடுத்துவிடக் கூடாது. உங்கள் மருத்துவர் செய்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் அழுத்திச் சொன்னவற்றை மட்டும் நீங்கள் இருவரும் பட்டியலாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

எம்.இ.என்.-1 மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1997இல் அது கண்டறியப்பட்டது. அது பால்குரோமோசோமில் இல்லாததால், பாதிக்கப்பட்டவர் தந்தையானாலும் தாயானாலும், பிறக்கும் குழந்தை மகனானாலும் மகளானாலும், பிறழ்வு கைமாறுவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடுதான். மரபணு வந்து சேர்வதில் வேறுபாடு கிடையாது. வந்து சேர்ந்த பிறகு எந்த உறுப்பில், எந்த வயதில், எவ்வளவு தீவிரமாகக் கட்டி தோன்றுகிறது என்பதில்தான் ஆண், பெண் வேறுபாடு சிறிது தெரிகிறது.

பிரான்சை மையமாகக் கொண்டு இயங்கும் நாளமில்லாச் சுரப்பிக் கட்டி ஆய்வுக்குழு, 734 எம்.இ.என்.-1 நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல ஆதாரம். பிட்யூட்டரிக் கட்டிகள் பெண்களிடம் கூடுதலாகவும், கணையம் சார்ந்த கட்டிகள், குறிப்பாக இரைப்பை அமிலத்தைக் கூட்டும் காஸ்ட்ரினோமா, ஆண்களிடம் கூடுதலாகவும் காணப்பட்டன. தைமஸ் கட்டிகள் அந்தத் தொகுதியில் ஆண்களிடம் மட்டுமே இருந்தன. பாராதைராய்டு, அட்ரீனல், நுரையீரல் மூச்சுக்குழாய்க் கட்டிகளில் இருபாலரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இப்போது உங்கள் அண்ணனின் மார்பு ஸ்கேனுக்கு வருவோம். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் தோன்றும் கட்டி இந்நோயில் அரிதானதுதான். ஆனால் தோன்றிவிட்டால் தீவிரமாக வளரக்கூடியது. பெரும்பாலும் ஹார்மோன் எதையும் சுரக்காததால், இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. அறிகுறி தெரியும்போது கட்டி பெரும்பாலும் பெரிதாகிப் பரவியிருக்கும். மேற்கத்திய நாடுகளின் பதிவுகளில் இது புகைபிடிக்கும் ஆண்களிடம் குவிந்து காணப்படுவதால்தான் உங்கள் அண்ணனிடம் இரண்டையும் சேர்த்து வற்புறுத்தியிருக்கிறார்கள். ஆனால் இதை வைத்துப் பெண்களுக்கு மார்பு ஸ்கேன் வேண்டாம் என்று முடிவுகட்டினால் தவறு நேரும். ஜப்பானில் தொகுக்கப்பட்ட தரவில் தைமஸ் கட்டி வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். தவிரவும், அதே ஸ்கேன்தான் நுரையீரல் கட்டிகளையும் காட்டுகிறது, அவற்றில் பாலின வேறுபாடு இல்லை என்பதை மேலே சொன்னேன். 2012இல் வெளியான வழிகாட்டுதல்கள் 15 வயதிலிருந்து ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை மார்பு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லும்போது ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மார்பகப் பரிசோதனை ஒப்பீட்டளவில் புதிய சேர்க்கை. 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், எம்.இ.என்.-1 உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு வரை கூடுவதையும், அது சராசரியாக ஐம்பது வயதை எட்டுமுன்பே வருவதையும் காட்டினார்கள். வேறு நாடுகளின் பதிவுகளும் அதே திசையில்தான் சென்றன. நாற்பது வயதிலிருந்து கண்காணிப்பைத் தொடங்கலாம் என்னும் பரிந்துரை அங்கிருந்து பிறந்தது. இது பட்டியலில் கூடுதலாக வந்ததே தவிர, வேறு எதற்கும் மாற்றாக வரவில்லை.

அண்ணனின் கால்சியத்தைப் பற்றி ஒரு சொல். குடும்பத் தொடர்பின்றித் தானாக வரும் பாராதைராய்டு நோய் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு கூடுதல், அதுவும் மாதவிடாய் நின்ற பிறகே மிகுதி. எம்.இ.என்.-1இல் அந்தச் சாய்வு மறைந்துவிடுகிறது. இருபது, இருபத்தைந்து வயதிலேயே இருபாலருக்கும் சமமாக வருகிறது, ஐம்பது வயதுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வந்துவிடுகிறது. ஆகவே இளம் ஆண் ஒருவருக்குக் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சேர்ந்து கூடியிருந்தால், குடும்ப வரலாறு எதுவும் இல்லாவிட்டாலும், பரம்பரை நோயா என்று கேட்டே தீர வேண்டும். உங்கள் அப்பாவின் சிறுநீரகக் கல் காலத்தில் இந்தக் கேள்வி எழுந்திருந்தால் நோய் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பதில் 2 (நோயுடன் வாழ்பவர்)

இந்த உரையாடலில் மருத்துவத் தகுதி எதுவும் எனக்கு இல்லை. எனக்கும் எம்.இ.என்.-1 இருக்கிறது என்பதும், பிட்யூட்டரியைப் பெண்களின் பிரச்சினை என்று நினைத்த ஆண்களில் நானும் ஒருவன் என்பதும்தான் இதை எழுதும் உரிமையை எனக்குத் தருகின்றன.

முப்பத்தெட்டு வயதில் எனக்குச் சோர்வும் தூக்கமின்மையும் தொடங்கின. தாம்பத்திய நாட்டம் அறவே குறைந்தது. இதை யாரிடம் சொல்வது என்ற தயக்கத்தில் மூன்று ஆண்டுகள் கடந்தன. இடையில் ஒரு மருத்துவர் வேலைப்பளு என்றார், இன்னொருவர் வயது என்றார். நானும் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில், வாகனம் ஓட்டும்போது பக்கவாட்டில் வருபவை கண்ணில் படவில்லை என்று கண் மருத்துவரிடம் போனபோதுதான், பார்வை நரம்பை அழுத்துமளவுக்குப் பிட்யூட்டரிக் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. தாய்ப்பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி. நல்லவேளையாக மாத்திரைகளிலேயே அது சுருங்கியது, பார்வையும் பெரும்பாலும் திரும்பிவிட்டது.

என் அக்காவுக்கும் இதே கட்டிதான். அவருக்கு மாதவிடாய் இரண்டு மாதங்கள் தவறியது, மருத்துவரிடம் போனார், புரோலாக்டின் பார்த்தார்கள், சில மில்லிமீட்டர் அளவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அவரது உடல் சரியான நேரத்தில் மணியடித்தது. என் உடலும் அடித்திருக்கிறது, அது என்ன மணி என்று எனக்குத்தான் தெரியவில்லை. உங்கள் அண்ணனிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். எதுவும் பேசவில்லை, ஆனால் எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் பதிலைப் படித்ததும் ஒரு ஐயம் எழுகிறது. மாதவிடாய் தவறுவதால் பெண்களிடம் கட்டி சீக்கிரம் தெரிகிறது, ஆண்களிடம் தெரிவதில்லை என்றால், பெண்களிடம் பிட்யூட்டரிக் கட்டி அதிகம் என்ற கணக்கே கண்டுபிடிக்கும் முறையால் வந்த தோற்றமாக இருக்கலாம் அல்லவா?

பதில் 1 (நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்)

சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். ஓரளவுக்கு அப்படித்தான். அறிகுறி வந்தவர்களை மட்டும் எண்ணினால், எந்தப் பாலினத்தில் அறிகுறி முந்துகிறதோ அந்தப் பக்கம் எண்ணிக்கை சாய்வது இயல்பு. மரபணுப் பரிசோதனையில் நோய் உறுதியான எல்லோருக்கும் ஒரே ஒழுங்கில் எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் உண்மையான வேறுபாட்டைப் பிரித்தறிய முடியும். ஆனால் முழுக்கவே தோற்றம் என்று தள்ளிவிடவும் இயலாது, ஏனெனில் புரோலாக்டின் சுரக்கும் செல்கள் ஈஸ்ட்ரோஜெனின் தூண்டுதலுக்கு ஆட்படுபவை, உயிரியல் காரணமும் அங்கே இருக்கிறது. இந்த இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்பது உங்கள் அண்ணனுக்குச் செய்ய வேண்டியதை மாற்றாது. ஆண்களிடம் குறைவாகத் தெரிவதற்குத் தாமதமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதாலேயே, ஆண்களுக்கு அறிகுறிக்காகக் காத்திராத ஒழுங்கான கண்காணிப்பு இன்னும் தேவையாகிறது.

தரவைப் படிக்கும்போது மட்டுமல்லாமல், ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போதும் பாலினம் குறுக்கிடுகிறது. இதை அலட்சியம் செய்வதால் நேரும் பிழைகளை அடிக்கடி பார்க்கிறேன். புரோலாக்டினின் இயல்பு எல்லை ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு. வளர்ச்சி ஹார்மோன் மிகையைக் காட்டும் ஐ.ஜி.எஃப்.-1 அளவை வயதுக்கேற்ற எல்லையோடு ஒப்பிட வேண்டும். பெண் ஒருவர் ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொண்டால் அந்த ஐ.ஜி.எஃப்.-1 குறைந்து, உண்மையில் இருக்கும் மிகையை மறைக்கக்கூடும். அதே மாத்திரை, கார்ட்டிசோலைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கூட்டுவதால், இரத்தத்தில் மொத்தக் கார்ட்டிசோல் பொய்யாக உயர்ந்து தெரியும். ஆகவே பரிசோதனைக்கு முன் மாத்திரை விவரத்தைச் சொல்லிவிடுங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.

எம்.இ.என்.-2 குடும்பங்களில் இதே பாடம் கால்சிடோனின் வடிவில் வருகிறது. அந்நோயில் ரெட் என்னும் மரபணுப் பிறழ்வால் தைராய்டின் சி-செல்களில் புற்றுநோய் உருவாகிறது. அதற்கான இரத்தக் குறியீடுதான் கால்சிடோனின். ஆண்களுக்குச் சி-செல்கள் இயல்பாகவே கூடுதல் என்பதால், அவர்களுடைய கால்சிடோனின் மேல் எல்லையும் பெண்களைவிட உயர்ந்தது. இருவருக்கும் பொதுவாக ஒரே எல்லையை அச்சிடும் அறிக்கையில், ஒரு பெண்ணுக்கு மிகையாக உள்ள அளவு இயல்பு என்று கடந்துபோய்விடலாம். ஆனால் தைராய்டை எந்த வயதில் அகற்றுவது என்பதைப் பாலினம் தீர்மானிப்பதில்லை. 918ஆம் இடத்துப் பிறழ்வென்றால் பிறந்த ஓராண்டுக்குள், 634ஆம் இடத்துப் பிறழ்வென்றால் ஐந்து வயதுக்குள் என்று, பிறழ்வின் இடமே அதைத் தீர்மானிக்கிறது.

பதில் 3 (மரபணு ஆலோசகர்)

அத்தையைப் பற்றிய பகுதிக்கு இதுவரை யாரும் விடையளிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த இழையின் மிக அவசரமான கேள்வி அதுதான், ஏனெனில் கண்காணிப்பில் இல்லாத மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள்.

எம்.இ.என்.-1இல் ஆண் வழி, பெண் வழி என்று எதுவும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், உடன்பிறந்த அத்தையிடமும் அது இருப்பதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அவரிடம் இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் மீண்டும் அதே 50 விழுக்காடு. அரிதாக, பிறழ்வு அப்பாவிடமே புதிதாகத் தோன்றியிருக்கவும் கூடும். அப்படியானால் அத்தைக்குக் கவலையில்லை, ஆனால் அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். குடும்பத்தின் பிறழ்வு எதுவென்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அத்தைக்குத் தேவைப்படுவது அந்த ஓரிடத்தை மட்டும் பார்க்கும் எளிய சோதனை. அவருக்கு இல்லை என்று வந்தால் மகன்களுக்குச் சோதனையே தேவையில்லை.

ஆனால் "ஆண் வழியில்தான் இறங்கும்" என்ற பேச்சு முற்றிலும் வெறுங்கதை என்றும் தள்ளிவிட மாட்டேன். அது வேறொரு நோயைப் பற்றிய உண்மை. கழுத்திலும் தலையிலும் பாராகேங்கிலியோமா என்னும் நரம்புசார் கட்டிகளையும், சில வேளை அட்ரீனலில் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஹார்மோன் சுரக்கும் கட்டியையும் உண்டாக்கும் எஸ்.டி.ஹெச்.டி. என்னும் மரபணுவுக்கு இந்தத் தன்மை இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இந்த மரபணுவின் பிறழ்வு தந்தையிடமிருந்து வந்தால் மட்டுமே கட்டி வருகிறது. தாயிடமிருந்து வந்தால், மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, வருவதில்லை. இங்கே கணக்கில் வருவது நோயாளியின் பாலினம் அல்ல, பிறழ்வைக் கொடுத்தவரின் பாலினம் என்பதைக் கவனிக்க வேண்டும். தந்தையிடமிருந்து பெற்ற மகளுக்கும் மகனுக்கும் ஒரே ஆபத்துதான். தாயிடமிருந்து பெற்ற மகன் நலமாக வாழ்ந்து, தன் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால், அவர்களுக்குக் கட்டி வரலாம். நோய் ஒரு தலைமுறை தாண்டிக் குதித்தது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. எங்கோ ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது உங்கள் அத்தையின் காதில் விழுந்திருக்கலாம். நோயின் பெயரைக் கேட்காமல் விதியை மட்டும் கேட்டுக்கொள்வதால் வரும் வினை இது.

பாலின வேறுபாடு உண்மையிலேயே பெரிதாக இருக்கும் நோய்களும் உண்டு. டைசர்-1 மரபணுப் பிறழ்வு உள்ள குடும்பங்களில் நடந்த ஓர் ஆய்வில், நாற்பது வயதுக்குள் பல முடிச்சுத் தைராய்டு வீக்கம் வந்தவர்கள் அல்லது தைராய்டு அகற்றப்பட்டவர்கள் பெண்களில் 75 விழுக்காடு, ஆண்களில் 17 விழுக்காடு. குழந்தைப் பருவத்திலேயே அசாதாரண உயரத்தை உண்டாக்கும் எக்ஸ்-லேக் என்னும் நோய் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதி இரட்டிப்பதால் வருவது. 2014இல் விவரிக்கப்பட்ட அதில் பெரும்பான்மையினர் பெண் குழந்தைகள். சில நோய்களில் அந்தந்தப் பாலினத்துக்கே உரிய உறுப்பு பாதிக்கப்படுகிறது. கார்னி கூட்டுநோயில் ஆண்களுக்கு விரைக் கட்டிகள் வருவதால் அவர்களுக்கு விரை அல்ட்ராசவுண்ட் சேர்க்கப்படுகிறது. பாராதைராய்டு மிகையோடு தாடைக் கட்டியும் வரும் குடும்பங்களில் பெண்களுக்குக் கருப்பைக் கட்டிகளும் வருகின்றன. பல உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் வான் ஹிப்பெல்-லிண்டாவ் என்னும் பரம்பரை நோயில் ஆண்களுக்கு விரைமேற்குழாயிலும் பெண்களுக்குக் கருப்பையைத் தாங்கும் அகன்ற இணைப்பு மடிப்பிலும் ஒரே வகைக் கட்டி தோன்றுகிறது. ஆகவே யார் எதைச் சொன்னாலும், எந்த மரபணு என்பதை முதலில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அத்தையிடம் நாளை நேரில் பேசப் போகிறேன். கடைசியாக ஒன்று கேட்கலாமா? எனக்குத் திருமணமாகி ஓராண்டு ஆகிறது, குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். கருவுறுவதற்கு முன் நான் தனியாக ஏதாவது செய்துகொள்ள வேண்டுமா? பிறக்கும் குழந்தையை எப்போது பரிசோதிக்க வேண்டும்?

பதில் 1 (நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்)

கண்காணிப்பு அட்டவணை பெண்ணுக்கு உண்மையிலேயே தனியாக மாற வேண்டிய காலம் இதுதான். கருவுறுவதற்கு முன்பே கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், புரோலாக்டின் ஆகியவற்றைப் பார்த்து, பிட்யூட்டரி, கணைய ஸ்கேன்களையும் முடித்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் எம்.ஆர்.ஐ.க்கான செறிவூட்டும் மருந்தைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், சி.டி.யையும் அவசியமின்றி எடுக்க மாட்டார்கள். புரோலாக்டின் கர்ப்பத்தில் இயல்பாகவே பல மடங்கு உயர்வதால் அப்போது அதை அளந்து பயனும் இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது கால்சியம். தாய்க்குக் கால்சியம் மிகுந்திருந்தால் அவருக்குச் சிறுநீரகக் கல், கணைய அழற்சி போன்றவை வரலாம். அந்த மிகை நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் சென்று, குழந்தையின் பாராதைராய்டு சுரப்பிகளை வேலையின்றி உறங்க வைத்துவிடுகிறது. பிறந்து தொப்புள்கொடி அறுந்தவுடன் வரத்து நின்றுபோவதால் குழந்தைக்குக் கால்சியம் திடீரெனக் குறைந்து வலிப்புகூட வரலாம். தாய்க்குக் கால்சியம் கூடியிருப்பது குழந்தை மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்தால் இதை எளிதாகக் கையாள முடியும். உங்களுக்கு இப்போது இயல்பாக இருக்கிறது என்றாலும், உங்கள் வயதில் இது எந்த ஆண்டும் தொடங்கலாம் என்பதால், கருவுறுமுன் ஒருமுறையும் கர்ப்ப காலத்தில் மீண்டும் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். வான் ஹிப்பெல்-லிண்டாவ், எம்.இ.என்.-2 குடும்பத்துப் பெண்களாக இருந்தால் கருவுறுமுன் ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதிசெய்வதே முதல் வேலையாக இருக்கும். பிரசவ நேரத்தில் அது வெளிப்பட்டால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. எம்.இ.என்.-1இல் அந்தக் கட்டி மிக அரிது.

குழந்தையைப் பொறுத்தவரை, ஐந்து வயதுக்குள் மரபணுச் சோதனை செய்துகொள்வது வழக்கம், ஏனெனில் பிட்யூட்டரிக்கும் இன்சுலின் சுரக்கும் கணையக் கட்டிக்குமான கண்காணிப்பு அந்த வயதில்தான் தொடங்குகிறது. கால்சியம் எட்டு வயதிலிருந்து. மகனா மகளா என்பதற்கு ஏற்ப இந்த வயதுகள் மாறுவதில்லை. கருவுறுமுன்போ கருவிலோ பரிசோதிக்கும் வழிகளைப் பற்றி உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள், அது உங்கள் இருவரின் முடிவு. அண்ணன் மனைவியும் கருவுறத் திட்டமிட்டால் அவர்களும் அதே ஆலோசனைக்குப் போகட்டும். அவர்களுடைய குழந்தைக்கும் அதே 50 விழுக்காடுதான், கர்ப்ப காலக் கால்சியக் கண்காணிப்பு மட்டும் அங்கே தேவைப்படாது.

பதில் 3 (மரபணு ஆலோசகர்)

அத்தையிடம் பேசப் போகும்போது அப்பாவின் மரபணு அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். வாதத்தால் மனம் மாறாதவர்கள்கூடத் தம் அண்ணனின் பெயர் அச்சிட்ட தாளைப் பார்த்ததும் ஆய்வகத்துக்குக் கிளம்பியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆய்வகமும் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாளைத்தான் முதலில் கேட்கும்.